நூற்று நாற்பது நம்பர் டின்

நவம்பர் 3, ஞாயிறு

இன்று ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றினோம். மாற்றிய தேதியை எங்கேயாவது எழுதி வையுங்கள் என்று மெக்கானிக் ஹாஜா பாய் சொன்னார். எழுதி வைத்துவிட்டேன்.

ஒரு வரியோடு நிறுத்தத்தான் நினைத்தேன். உரக்கடையில் கொடுத்த டைரி, இத்தனை பக்கம் சும்மா கிடக்கிறது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பிழை இருக்கும். யார் படிக்கப் போகிறார்கள்.

எங்களுக்குத் தொழில் ஐஸ் பெட்டி. இறந்தவர்களை வைக்கிற கண்ணாடி மூடி போட்ட பெட்டி. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வந்து முகம் பார்க்கிறவரை உடம்பு கெடாமல் இருக்க வேண்டுமே, அதற்கு. கரண்ட் போனால் பெட்டி நின்றுவிடும் என்று கூடவே ஜெனரேட்டரும் வாடகைக்குப் போகும். பெட்டி ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று. எங்கள் ஊர் தெற்குக்காட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் யாருக்காவது ஆகிவிட்டால் எங்கள் வீட்டுக்குத்தான் போன் வரும். இதுவரை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். ஆவணியில் அவர் போன பிறகு நான் பார்க்கிறேன்.

ஜெனரேட்டர் கிளம்ப மாட்டேன் என்கிறது, புகைகிறது என்று பாயை வரச் சொல்லியிருந்தேன். அடியில் இருக்கிற திருகைக் கழற்றிப் பழைய ஆயிலை இறக்கினார். அது ஊற்றவில்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி தொங்கித் தொங்கி வந்தது.

“யாரு அக்கா இத ஊத்துனது?”

“அவருதான் பாய். பொகையுது பொகையுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கெட்டி ஆயிலா ஊத்துனா பொகை நிக்கும்னு யாரோ சொன்னாங்களாம்.”

“பொகை நிக்கும். அப்பறம் எஞ்சினும் நிக்கும். இது டிராக்டரு கியர் பொட்டிக்கு ஊத்துறது அக்கா. நூத்தி நாப்பது நம்பரு. இது எஞ்சின் ஆயிலே கெடையாது.”

இரண்டு விரலுக்கு நடுவில் அதைத் தொட்டு விரித்துக் காட்டினார். நூல் மாதிரி இழுத்தது. பிறகு கொண்டுவந்திருந்த புதுப் பாட்டிலைத் திறந்தார். அது தேன் நிறத்தில் சளசளவென்று இறங்கியது. பாட்டிலில் 10, 30 என்று போட்டிருந்தது. இடையில் ஓர் இங்கிலீஷ் எழுத்து. இந்த நம்பர் என்ன என்று கேட்டேன்.

“மொத நம்பரு, எஞ்சின் குளுந்து கெடக்கும்போது ஆயில் எவ்ளோ எளக்கமா இருக்கும்ங்கறது. அடுத்த நம்பரு, சூடேறுனப்பறம் எவ்ளோ கெட்டியா நிக்கும்ங்கறது. ஒங்க மிஷினுக்குப் பத்து முப்பது. அது கெடைக்கலன்னா பைக்குக்கு ஊத்துற இருபது நாப்பது. நம்மூரு வெயிலுக்கு அது தாங்கும். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல்ல கலக்குற ஆயில மட்டும் இதுல காட்டிப்புடாதீங்க. எது ஊத்துனாலும் நாலு ஸ்ட்ரோக்குன்னு பாத்து வாங்குங்க.”

“நாலுன்னு இங்கிலீசுல எழுதியிருந்தா?”

“நம்பருதானக்கா. நம்பருக்கு எந்த பாஷை?”

கொட்டகையில் டின்னைக் காட்டினேன். பச்சை டின், டிராக்டர் படம் போட்டது, முக்கால்வாசி இருக்கிறது. பாய் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

எங்களுக்கு டிராக்டர் கிடையாது.


நவம்பர் 4, திங்கள்

காலையில் ஜெனரேட்டரை நானே இழுத்துப் பார்த்தேன். கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். போன வாரம் இரண்டு கையாலும் இழுத்தும் பாதிதான் வந்தது, தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. இன்று மூன்றாவது இழுப்பில் எடுத்தது. புகை கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆயில் மாற்றினதுக்கே இத்தனை வித்தியாசமா என்று நின்றுகொண்டிருந்தேன்.

ஆவணியில் அன்றைக்கு வாத்தியார் வீட்டில் அவர் எத்தனை தடவை இழுத்தார் என்று யாரும் எண்ணவில்லை. கரண்ட் போயிருந்தது. வாத்தியார் பெட்டிக்குள் இருந்தார், அமெரிக்காவிலிருந்து மகள் வர வேண்டும். இவர் இழுத்துக்கொண்டே இருந்தார், சட்டை நனைந்துவிட்டது, யாரோ மோர் கொண்டுவந்தார்கள், வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் இழுத்தார், அப்படியே உட்கார்ந்தார் என்றார்கள். டாக்டர் நெஞ்சடைப்பு என்றார். நெஞ்சடைப்புத்தான்.

மாட்டுக்குத் தீவனம் வாங்க வேண்டும்.


நவம்பர் 6, புதன்

வடக்குத் தெருவில் ஒரு கிழவர். பெட்டியைக் கொழுந்தன் வேதையனின் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிப் போனேன். அவர் தம்பிதான் வேதையன். அண்ணன் இருக்கும்போதும் பெட்டியை இழுத்துப் போனது இந்த டிராக்டர்தான். வாடகை வாங்குவதை ஆவணியோடு நிறுத்திவிட்டார். வற்புறுத்தினால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்.

வேறு எந்த வீட்டு வாசலிலும் தாலி இறங்கினவள் முதல் ஆளாகப் போய் நின்றால் முகம் சுளிப்பார்கள். இந்தத் தொழிலில் அந்தத் தொல்லை இல்லை. நான் வந்த பிறகுதான் மாலையே வருகிறது. வழியில் அரிசிக் கடைக்காரர் கையைத் தட்டி நிறுத்தினார்.

“அஞ்சம்மா, எங்க போற? சொல்லிட்டுப் போ. நீ டிரெய்லர்ல ஒக்காந்து போனாலே எவனுக்கோ சீட்டுக் கிழிஞ்சுதுன்னு அர்த்தம்.”

“ஒங்க தெருவுக்குத்தாண்ணே வர்றேன். ஒங்க அளவுக்குப் பெட்டி பத்தாதுன்னு யோசன.”

சிரித்தார். வேதையனும் சிரித்தார். நானும் சிரித்தேனா என்று தெரியவில்லை.

அங்கே ஜெனரேட்டர் கிளம்பி உடனே நின்றது. மறுபடியும் கிளப்பினேன், மறுபடியும் நின்றது. பாய்க்குப் போன் போட்டேன். “தரை சமமா இருக்கா பாருங்க. சாஞ்சி இருந்தா ஆயில் ஒருபக்கம் ஒதுங்கிடும். ஆயில் இல்லன்னு நெனச்சி மிஷின் தானா நின்னுக்கும்” என்றார். வாசல் சரிவாக இருந்தது. செங்கல் கொடுத்துச் சமன் செய்தேன், ஓடியது.

நான் கயிற்றை இழுக்கிறபோது வேதையன் பக்கத்தில் இல்லை. கொல்லைப்பக்கம் போய்விட்டார். சத்தம் சீராக ஓட ஆரம்பித்த பிறகுதான் வந்தார்.


நவம்பர் 10, ஞாயிறு

வேதையன் வந்தார். கொட்டகை ஓலையைச் சரி செய்து தருகிறேன் என்று ஏறினார். இறங்கினவர் ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆயிலு மாத்திட்டீங்களா அண்ணி?”

“ஹாஜா பாய் மாத்திவிட்டாரு. பழசு சரியில்லன்னாரு.”

“என்ன சரியில்லன்னாரு?”

“கெட்டியாம்.”

டின் மூலையில் இருந்தது. அதைப் பார்த்தார். நான் பார்க்கிறதையும் பார்த்தார். துடைப்பத்தை எடுக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய், டிராக்டர் படம் சுவரைப் பார்க்கும்படி டின்னைத் திருப்பி வைத்தார்.

“இந்த மிஷின வித்துடுங்கண்ணி. பெட்டியையும் சேத்துக் குடுத்துடலாம். திருத்துறைப்பூண்டியில ஒருத்தன் கேக்குறான்.”

“வித்துட்டு?”

“நா இருக்கேன்ல.”

“நீங்க இருங்க தம்பி. மிஷினும் இருக்கட்டும்.”

காபி போட்டேன். குடிக்காமல் போய்விட்டார். இந்த வீட்டில் அவர் எதையும் குடித்து நாளாகிறது.


நவம்பர் 12, செவ்வாய்

மகள் இளவரசிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மஸ்கட்டில் இப்போது வேலை நேரமாக இருக்கும்.


நவம்பர் 14, வியாழன்

புயல் வருகிறது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போகிறார்கள். பெட்டிக்கு மேல் படுதா போட்டு, உத்தரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுத்துவந்தேன். இரண்டு பெரிய கேன் நிறையப் பெட்ரோல் பிடித்தேன். பாயிடம் ஒரு பாட்டில் பத்து முப்பது வாங்கிவந்தேன்.

“பழைய எஞ்சினு, அக்கா. ஆயில் குடிக்கும். பெட்ரோல் ஊத்தும்போதெல்லாம் அளவுக் கம்பியையும் எடுத்துப் பாருங்க. நிறுத்தி, ஆறவிட்டு, தொடச்சிட்டுப் பாக்கணும்” என்றார். கம்பியின் கீழ்க்கோட்டுக்குக் கீழே போகக் கூடாது, மேல்கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது. நிறைய ஊற்றினால் நல்லது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம்.

இளவரசிக்குப் புயல் என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்லி மல்லிகாவிடம் கேட்டேன். மல்லிகா வேதையன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. அனுப்பினாள். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறதாம்.


நவம்பர் 17, ஞாயிறு

உயிரோடு இருக்கிறேன். வீட்டுக் கூரை பாதி இல்லை. தென்னை எல்லாம் விழுந்துவிட்டது. எல்லாம் என்றால் எல்லாம்தான், நிற்கிற ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது. மாடு பிழைத்துவிட்டது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

வேதையன் காலையிலேயே வந்து கூரைமேல் படுதா போட்டுக் கட்டினார். பிறகு ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டப் போனார்.


நவம்பர் 18, திங்கள்

வேதையன் போய்விட்டார்.

ரோட்டை அடைத்துக் கிடந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடு என்றாராம். கோடாலியை மரத்தில் சாய்த்துவிட்டு அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தாராம். கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நெஞ்சு. கோடாலிக்கு யாரும் ஆயில் ஊற்றவில்லை. இதைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேதையன் மகன் மணிமாறன் சிங்கப்பூரில். ஒரே பிள்ளை. போன் எதுவும் வேலை செய்யவில்லை. பாலத்தின்மேல் ஏறி நின்றால் ஒரு மூலையில் கிடைக்கிறது என்று ஆட்கள் போய்ப் பேசினார்கள். கிளம்பிவிட்டானாம். திருச்சி வரை விமானம், அதற்கு மேல் ரோடு எங்கே இருக்கிறதோ அதுவரை பஸ், மிச்சம் நடை. எப்போது வருவான் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மல்லிகா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அவன் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கக்கா. அவன் மூஞ்சி பாக்கணுங்கக்கா.”

ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். “கரண்ட் இல்ல, பெட்ரோல் இல்ல. இந்தப் பழைய மிஷின நம்பி எத்தன நா வச்சிருக்கிறது? நாறிப்போச்சின்னா அசிங்கம். பொழுதுக்குள்ள முடிச்சுடலாம்.”

“முடிக்க வேணாம். பெட்டி என்னுது. நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். என் வீட்டுக்காரர் போன அன்றைக்கு எங்கள் பெட்டியில் வாத்தியார் இருந்தார். வேதையன்தான் குதித்தார். “வாத்தியார வெளிய எடுத்து வைப்போம் அண்ணி. இது நம்ம பெட்டி. இளவரசி நாளைக்கு வந்துடும்” என்றார். நான்தான் கூடாது என்றேன். ஒருத்தரைப் பெட்டியில் வைத்துவிட்டால் அவருடைய ஆள் வந்து பார்க்கிற வரை எடுக்கக் கூடாது என்பது என் வீட்டுக்காரருடைய வழக்கம். அவருக்காகவே அதை உடைக்க எனக்கு வாய் வரவில்லை. வேதையன் அன்றைக்குப் பெட்டி கேட்டு முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று வெயிலில் அலைந்தார். எங்கேயும் காலியில்லை. பொழுது சாய எரித்துவிட்டோம்.

இளவரசி மறுநாள் வந்தாள். சாம்பல்தான் இருந்தது. “ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் பெட்டி குடுத்தீங்க. எங்கப்பாவ மட்டும் அவசர அவசரமா எரிச்சிட்டீங்க” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.


நவம்பர் 19, செவ்வாய்

மல்லிகா வீட்டு வாசலில் ஜெனரேட்டர் ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒப்பாரி ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் எழுந்து குனிந்து பார்க்கிறேன்.

மழைத் தரை, ஜெனரேட்டர் ஒரு பக்கம் புதைந்து நின்றுவிட்டது. டிரெய்லரின் பின்பக்கப் பலகையைக் கழற்றி அடியில் போட்டேன். சமமாக உட்கார்ந்தது.

ஊர் ஜனம் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. துக்கம் கேட்க வருகிறவன் ஒரு கையில் சார்ஜர். வயரை நீட்டிப் பிளக் பலகையில் நாலைந்து போன் தொங்குகிறது. வேதையனின் பங்காளி ஒருவர் சத்தம் போட்டார்.

“பொணத்துக்கு ஓடுற மிஷின்ல போன் போடுறியளே, வெக்கமா இல்ல?”

“எம் பொண்ணு சென்னையில உசுரோட இருக்கோமான்னு தெரியாம துடிச்சிக்கிட்டு இருக்கும் சித்தப்பா. வேதையண்ணன் இருந்தா தானே எடுத்து மாட்டிவுடும்.”

உண்மைதான். மாட்டிவிடுவார். நான் தடுக்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் போடுங்கள், மிஷின் இழுக்காது என்று மட்டும் சொன்னேன்.

மதியம் கம்பியை எடுத்துப் பார்த்தபோது ஆயில் கீழ்க்கோட்டைத் தொட்டிருந்தது. பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஊற்றினேன். பாட்டில் காலி. பாய் கடைக்கு மேல் புளியமரம் விழுந்து கிடக்கிறதாம். முத்துப்பேட்டையில் ஒரு கடையும் திறக்கவில்லை. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

“நெல்லறுக்குற மிஷின்ல எறக்குன பழைய ஆயில் எங்கிட்ட இருக்கு, கொண்டாரவா?”

“ஸ்கூட்டர் ஆயில் ஒரு பாக்கெட்டு இருக்குங்க.”

“எந்த எண்ணெயா இருந்தா என்னங்க. வழவழன்னு இருந்தாப் போதாது? தேங்கா எண்ணெய ஊத்துங்க, மரம்தான் போச்சு, எண்ணெயாச்சும் இருக்கு.”

தேங்காய் எண்ணெய் சொன்னவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பழைய ஆயிலும் வேண்டாம், ஸ்கூட்டர் ஆயிலும் வேண்டாம் என்றேன். பைக்குக்கு ஊற்றுகிற ஆயில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். இருந்த பைக் எல்லாம் மரத்துக்கு அடியில்.

“ஒங்க கொட்டகையில ஒரு பச்சை டின்னு பாத்தனே” என்றார் அந்தப் பங்காளி. “நெறையா இருந்துச்சே அதுல.”

இருக்கிறது. வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். கொட்டகை சாய்ந்து கிடந்தது, டின் அதே மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. தூக்கினேன். கனம்.

இதை ஊற்றினால் அளவு ஏறும். மிஷின் ஆயில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடும். ஒரு தடவை நிறுத்தினால் என் கையால் மறுபடி கிளப்ப முடியாது. நின்றால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். புயலில் எல்லாம்தான் போய்விட்டது. மணிமாறனும் சாம்பலைப் பார்ப்பான். வேதையனின் டின், வேதையனுக்கே.

அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாடு கத்தியது.

டின்னை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.


நவம்பர் 20, புதன்

காலையில் கம்பியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. பெட்ரோல் ஊற்றுவதற்காக நிறுத்தினது, கிளப்பினால் எடுக்கவில்லை. ஆயில் போதவில்லை என்று அதுவே நின்றுகொள்கிறது. பெட்டியை யாரும் திறக்காதீர்கள், உள்ளே இருக்கிற குளிர் கொஞ்ச நேரம் தாங்கும் என்று சொல்லிவிட்டு மூடிமேல் ஈரச் சாக்கும் வைக்கோலும் போடச் சொன்னேன். மல்லிகா எழுந்து வந்தாள். இரண்டு நாளாகத் தலை வாரவில்லை, தொண்டை கட்டிவிட்டது.

“என்னக்கா, நின்னுபோச்சா?”

“ஆயில் இல்ல மல்லிகா. பத்து முப்பது வேணும். பைக் ஆயிலாச்சும் வேணும்.”

“ஒரு பாட்டிலு டிராக்டரு டூல் பொட்டியில கெடக்குதே. அது ஒங்க மிஷினுக்குள்ளதுதானே?”

எனக்குப் புரியவில்லை.

“தீபாவளிக்கு வாரம் முன்ன தஞ்சாவூரு போனப்ப வாங்கியாந்தாரு. என்ன இது டிராக்டருக்கு இத்தனூண்டு பாட்டிலுன்னு கேட்டேன். அண்ணி மிஷினுக்குடி, கடைக்காரன்ட்ட மிஷின் பேரச் சொல்லிக் கேட்டு வாங்குனேன், இதுதான் சரியான ஆயிலாம்னாரு. குடுத்துட்டீங்களான்னு நா ரெண்டு தரம் கேட்டேன். குடுக்குறேன் குடுக்குறேன்னாரு. குடுக்கவே இல்லியா ஒங்ககிட்ட?”

“மறந்திருப்பாரு” என்றேன்.

“எதையும் மறக்க மாட்டாரேக்கா.”

டிராக்டர் ஒரு பக்கம் மரக்கிளைக்கு அடியில் இருந்தது. கிளையை வெட்டி, டூல் பெட்டியைத் திறந்தார்கள். ஸ்பேனர்களுக்கு அடியில், பழைய லுங்கித் துணியில் சுற்றி வைத்திருந்தது. மூடி திறக்காத பாட்டில். 10. 30. நாலு ஸ்ட்ரோக் என்று ஒரு 4 போட்டிருந்தது. நானே படித்தேன், யாரையும் கேட்கவில்லை.

ஊற்றினேன். மேல்கோடு வரைக்கும், தாண்டாமல். கயிற்றைப் பிடித்தேன். மல்லிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரே இழுப்பில் எடுத்தது.

மத்தியானம் ஒருவன் பாலத்திலிருந்து ஓடிவந்தான். “பெரியம்மா, ஒங்க மக லைன்ல இருக்கு, மறுபடி கூப்புடுறேன்னுச்சு, வாங்க.” மிஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் போனேன். பாலத்தில் ஊரே நின்றது, ஆளாளுக்கு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு. மணி அடித்ததும் என் கையில் கொடுத்தார்கள்.

“அம்மா.”

“ம்.”

“ஒனக்கு ஒண்ணுமில்லியே?”

“ஒண்ணுமில்ல. கூரை போச்சு. சித்தப்பா போயிட்டாருடி.”

“தெரியும். மணி மெசேஜ் போட்டான். நம்ம பெட்டியா?”

“நம்ம பெட்டிதான்.”

“ஓடுதா?”

“ஓடுது.”

அழுகிறாளோ, லைன்தான் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“அம்மா, யாரு சொன்னாலும் எடுக்காத. மணி வர்ற வரைக்கும் எடுக்காத.”

“எடுக்கல.”

அதோடு கட்டாகிவிட்டது. மறுபடி கிடைக்கவில்லை.


நவம்பர் 21, வியாழன்

மணிமாறன் விடிந்து வந்தான். கடைசி ஊரிலிருந்து நடந்திருக்கிறான், விழுந்த மரங்களுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கி. முட்டிவரை சேறு. மூடியைத் துடைத்துவிட்டேன். கண்ணாடியில் பனி படிந்திருந்தது, உள்ளே முகம் நன்றாக இருந்தது. அப்பா என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

நான் ஜெனரேட்டரை நிறுத்தவில்லை. அவனாகத் தலையைத் தூக்குகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டேன்.

தூக்கினார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். நான் பெட்டியைக் கழுவினேன்.


நவம்பர் 26, செவ்வாய்

கரண்ட் இன்னும் வரவில்லை. பெட்டி கீழத்தெருவில் இருக்கிறது. ஒரு பாட்டி, மூத்த பேத்தி வர வேண்டும். ஹாஜா பாய் சைக்கிளில் வந்து எஞ்சினைப் பார்த்தார். நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். கடை போய்விட்டது அவருக்கு. சோறு போட்டேன், சாப்பிட்டார்.

“அந்த நூத்தி நாப்பது ஆயிலாலதான் அவருக்கு அப்படி ஆச்சா பாய்?” என்று கேட்டுவிட்டேன். இத்தனை நாளும் கேட்கக் கூடாது என்று இருந்தேன்.

பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“இழுக்குறதுக்குக் கஷ்டமா இருந்திருக்கும். அது உண்மக்கா. மத்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா பாவம்.”

“டின்னக் குடுத்தவருக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“குடுக்கும்போது தெரிஞ்சிருக்காது.”

மோர் ஊற்றினேன்.


டிசம்பர் 3, செவ்வாய்

வேதையனுக்குக் கருமாதி. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மல்லிகா தாலியைக் கழற்றினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையை விடவில்லை.

சாப்பாடு முடிந்து மணிமாறன் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். விழுந்த கொட்டகையை நிமிர்த்திக் கொடுக்கிறேன் என்று ஓலையைத் தள்ளினான். டின்னைப் பார்த்துவிட்டான். தூக்கித் திருப்பிப் படத்தைப் பார்த்தான்.

“பெரியம்மா, இது எங்க டிராக்டரு ஆயிலாச்சே. நானே வாங்கிக் குடுத்த டின்னு. போன தடவ வந்தப்ப அப்பா தேடிக்கிட்டு இருந்தாரு. இங்க எப்படி வந்துச்சு?”

போன தடவை அவன் வந்தது என் வீட்டுக்காரர் காரியத்துக்கு. அப்போது இந்த டின் இங்கேதான் இருந்தது, அது இங்கே இருப்பது வேதையனுக்குத் தெரியும். தேடுகிற மாதிரி தேடியிருக்கிறார்.

அவன் முகம் அப்படியே அவன் அப்பா முகம். பதில் வருகிறவரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பெட்டி ஏத்த வந்தப்ப எறக்கி வச்சிட்டுப் போனாரு. மறந்துட்டாரு” என்றேன்.

“எதையும் மறக்க மாட்டாரே.”

“அன்னைக்கு மறந்துட்டாருப்பா. எடுத்துக்கிட்டுப் போ. டிராக்டருக்கு ஊத்து.”

தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். கொட்டகையில் அந்த மூலையில் வட்டமாக ஓர் எண்ணெய்க்கறை இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், பாதிதான் போனது.

வேதையன் வாங்கிய பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த லுங்கித் துணியிலேயே சுற்றி ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.


டிசம்பர் 8, ஞாயிறு

ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றினேன். பத்து முப்பது. நானே மாற்றினேன்.

இளவரசி போன் செய்தாள். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறாளாம். வாத்தியார் வீட்டில் அப்பா எந்த இடத்தில் உட்கார்ந்தார் என்று வந்தால் காட்டு என்றாள். காட்டுகிறேன் என்றேன்.